நூற்று நாற்பத்து மூன்று பதினேழாம் தேதிகள்

பணி ஓய்வு பெற்றவனுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. எதையும் ஒன்றுக்கு இரண்டாக்கிச் சொல்லலாம், மெமோ வராது. அந்த வசதியை நான் தாராளமாகவே பயன்படுத்துகிறவன். ஆனால் இந்த விஷயத்தில் எனக்கு வேலை வைக்காமல் எங்கள் சபையே எல்லாவற்றையும் இரண்டாக்கிவிட்டது. நான் கொஞ்சம் குறைத்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

முப்பத்தாறு வருடம் சட்டசபையில் தேதி மாற்றினேன். சிரிக்காதீர்கள், அது நிரந்தரப் பணியிடம். சபைத் தலைவரின் நாற்காலிக்கு மேலே ஒரு தேக்குப் பலகை. அதில் பித்தளைக் கொக்கிகள். நாளுக்கு இரண்டு தகடு, மாதத்துக்கு ஒன்று. காலை ஒன்பதே முக்காலுக்கு மூன்று படி ஸ்டூலைப் போட்டு ஏறி, நேற்றைக் கழற்றி இன்றை மாட்டிவிட்டு இறங்க வேண்டும். சபைக்குள் என்ன தேதி தொங்குகிறதோ அதுதான் சபையின் தேதி என்று விதிப்புத்தகத்திலேயே இருக்கிறது. என்றைக்கோ இரண்டு உறுப்பினர்கள் இன்று என்ன தேதி என்று அடித்துக்கொண்டதில் எழுதிய விதியாம். அதனால் வளாகத்தில் எனக்குத் தேதிக்காரர் என்று பெயர். என் மகள் சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் போய், "எங்கப்பா மாத்தலைன்னா நாளைக்கு வராது" என்று சொல்லி வைத்திருந்தாள். குழந்தைகள் விளையாட்டுக்குச் சொல்வது சில சமயம் சட்டமாகிவிடுகிறது.

அந்த வருடம் அதிபர் படையை எல்லை தாண்டி அனுப்பினார். எதற்கு என்று கேட்டால் அன்றைக்கு ஏதோ ஒரு காரணம் இருந்தது. மறுவாரம் வேறொன்று இருந்தது. சபையைக் கேட்காமலேயே அனுப்பலாம், அறுபது நாள்வரைக்கும். அறுபதாம் நாள் சபை கூடி, ஒவ்வொரு உறுப்பினராக எழுந்து நின்று, பெயரைச் சொல்லி, 'ஆம்' அல்லது 'இல்லை' என்று சொல்ல வேண்டும். 'ஆம்' போதவில்லை என்றால் மறுநாளே படை திரும்பியாக வேண்டும். அதிபரின் கையைக் கட்டிப்போட எழுதிய சட்டம். கயிறு நல்ல கயிறுதான். முடிச்சுப் போடுகிற வேலையைச் சபைக்குக் கொடுத்ததுதான் தப்பு.

எனக்கு இதில் என்ன வந்தது என்றால், என் மாப்பிள்ளை ராணுவ லாரி மெக்கானிக். முதல் வண்டியிலேயே போய்விட்டார். மகளுக்கு அப்போது மூன்றாம் மாதம். எங்களோடு குவார்ட்டர்ஸில் இருந்தாள். அறுபதாம் நாள் என்பது மூன்றாம் மாதம் பதினெட்டாம் தேதி. சமையலறைக் காலண்டரில் அதைச் சிவப்புப் பேனாவால் சுற்றி, "இதுக்கு மேல அவரை அங்க வெச்சிருக்க முடியாதுப்பா, சட்டம் இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சட்டம் இயற்றுகிற கட்டடத்தில் முப்பத்தாறு வருடம் இருந்த எனக்கு இல்லாத நம்பிக்கை அவளுக்கு.

பதினேழாம் தேதி சாயந்திரம் சபைச் செயலாளர் என்னைக் கூப்பிட்டார். மெல்லிய மனிதர், மெல்லிய குரல், மெல்லிய கோப்பு.

"தேதிக்காரரே, நாளைக்குக் காலைல ஏற வேண்டாம்."

"பலகையில வேலை இருக்குங்களா ஐயா?"

"இல்லை. சபையை இன்னைக்கு ஒத்திவைக்கலை. டீ இடைவேளை விட்டிருக்கு. இடைவேளை முடியறவரைக்கும் இன்னைக்குத்தான்."

"இடைவேளை எப்ப முடியும்?"

"டீ ஆறினதும்," என்றார். அவர் சிரிக்கவில்லை, அதனால் நானும் சிரிக்கவில்லை. உத்தரவு எழுத்தில் உண்டா என்று கேட்டேன். "எழுதினா தேதி போடணுமே," என்றார்.

மறுநாள் உறுப்பினர்கள் எல்லோரும் வாயைத் துடைத்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார்கள், இடைவேளையிலிருந்து வருகிறவர்கள் மாதிரி. அதற்கு மறுநாளும் துடைத்துக்கொண்டே வந்தார்கள். இரண்டாம் வாரத்தில் ஓர் உறுப்பினர் இறந்துபோனார். இரங்கல் தீர்மானம் போட முடியவில்லை. பதினேழாம் தேதி காலை அவர் வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டிருக்கிறார், ஆகவே சபையில் இருக்கிறார் என்று தலைவர் தீர்ப்புச் சொன்னார். எதிர்க்கட்சியில் ஒருவர் ஒருநாள் உண்ணாவிரதம் அறிவித்துவிட்டு உட்கார்ந்தார். நான்காம் நாள்தான் அந்த ஒருநாள் எப்போது முடியும் என்று அவருக்கு உறைத்தது. பழச்சாறு கொடுத்து எழுப்பினார்கள். மயங்கி விழுந்ததும் அதே தேதி, மாலை போட்டதும் அதே தேதி.

எதிர்க்கட்சித் தலைவர் மட்டும் தினமும் கர்ஜித்தார். "இந்தப் போரை ஒருபோதும் ஏற்கமாட்டோம்! நாளை இந்தச் சபை கூடும்போது, முதல் குரலாக என் 'இல்லை' ஒலிக்கும்! நாளை! நாளை!" மேசைகள் அதிர்ந்தன. எனக்கே உடம்பு சிலிர்த்தது. இந்த ஒரு மனிதராவது இருக்கிறாரே என்று நினைத்தேன். ஒருநாள் மத்தியானம் தாழ்வாரத்தில் என்னை ஓரமாக இழுத்தார்.

"ஏம்ப்பா, நாளைக்கு மாத்திட மாட்டியே?"

"உத்தரவு வந்தா மாத்துவேன் ஐயா."

"வந்துச்சுன்னா எனக்கு முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிடு. உடம்பு சரியில்லாம போகணும்." என் முகத்தைப் பார்த்து அவருக்கே ஏதோ தோன்றியிருக்க வேண்டும். "புரிஞ்சுக்க. 'ஆம்'னு சொன்னா, நாளைக்கு ஒரு பெட்டி ஊருக்கு வரும்போது அந்த வீட்டு வாசல்ல எந்த முகத்தோட நிக்கிறது? 'இல்லை'ன்னு சொன்னா துரோகின்னு சுவரெல்லாம் எழுதுவான். இதுல கட்சி வித்தியாசமே இல்லப்பா. நாங்க எல்லாருமே ஒத்துமையா இருக்கிறது இந்த ஒரு விஷயத்துலதான்."

பாதுகாப்பு அமைச்சருக்கு இந்தச் சங்கடமெல்லாம் இல்லை. புது உறுப்பினர் ஒருவர், நடைமுறை தெரியாதவர், எழுந்து, இதுவரை எத்தனை வீரர்கள் இறந்திருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டார். அமைச்சர் அன்பாகப் பதில் சொன்னார்:

"பதினேழாம் தேதி காலை நிலவரப்படி இருவர். இன்று பதினேழாம் தேதி. மாண்புமிகு உறுப்பினருக்குச் சந்தேகம் இருந்தால் தேதிப் பலகையைப் பார்க்கலாம்."

சபையே திரும்பிப் பலகையைப் பார்த்தது. பலகைக்குக் கீழே நான் நின்றுகொண்டிருந்தேன். என்ன செய்தேன் தெரியுமா? சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டேன். அது அறுபத்திரண்டாவது பதினேழாம் தேதி. ரயில் நிலையத்துப் பின்வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நின்று ஹார்ன் அடித்துக்கொண்டிருந்த சத்தம் ஜன்னல் வழியாக நன்றாகவே கேட்டது. இருவருக்கு அத்தனை ஆம்புலன்ஸ் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கேட்டவரும் உட்கார்ந்துவிட்டார்.

மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்கமாட்டீர்களா? அதையும் அரசாங்கம் விட்டுவைக்கவில்லை. 'மக்கள் மனமறியும் பிரிவு' என்று ஒன்றைத் திறந்து, எல்லோருக்கும் போன் போட்டார்கள். எனக்கு வந்தபோது செயலாளர் அறையில் சாவி வாங்க நின்றிருந்தேன்.

"வணக்கம் ஐயா, ஒரே ஒரு கேள்விதான்," என்றது ஒரு பெண் குரல். "நம்ம படை பாதி நாள்ல திரும்பி ஓடி வர்றதை நீங்க விரும்புறீங்களா? விரும்பலைன்னா ஒண்ணை அமுக்குங்க. அறவே விரும்பலைன்னா ரெண்டு. இப்படி ஒரு கேள்வியைக் காதால கேட்டதே வேதனையா இருக்குன்னா மூணு."

"திரும்பி வந்தா நல்லதுன்னு சொல்றவங்க?"

"அதுக்கு நம்பர் ஒதுக்கலைங்க. லைன்லயே காத்திருந்தா அதிகாரி வருவாங்க, பேர், விலாசம் எழுதிப்பாங்க."

காத்திருந்தேன். சத்தியமாகக் காத்திருந்தேன். நாட்டுப்பற்றுப் பாட்டு ஒன்று ஓடியது. முதல் சரணம் முடிவதற்குள் செயலாளர் கோப்பிலிருந்து தலையைத் தூக்கி, "யாரு போன்ல?" என்றார். கட்டைவிரல் தானாகவே போய் இரண்டை அமுக்கிவிட்டது. ஒன்றையாவது அமுக்கியிருக்கலாம். பயந்தவன் எப்போதும் ஒரு படி கூடுதலாகத்தான் பயப்படுகிறான்.

அந்த வாரம் செய்தியில் சொன்னார்கள்: நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பேர் போரைத் தொடர ஆதரவு. மகள் தட்டைத் தள்ளிவைத்தாள்.

"யாருப்பா இந்தத் தொண்ணூத்து நாலு பேர்? நான் ஒருத்தரைக்கூடப் பார்த்ததில்லையே. உங்களுக்குப் போன் வந்துச்சா?"

"இல்லம்மா."

"வந்தா நல்லா நாலு வார்த்தை கேளுங்க."

"கேக்காம விடுவேனா?" என்றேன். என் வீட்டுக்காரி தண்ணீர் ஊற்றிக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்த்தாள். முப்பது வருடக் குடித்தனத்தில் அந்தப் பார்வைக்கு அர்த்தம் கேட்கத் தேவையில்லை.

மகள் முட்டாள் இல்லை. பலகை விஷயம் அவளுக்குத் தெரியாமல் எத்தனை நாள் இருக்கும்? ஒரு காலையில் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே கேட்டாள்.

"ஒரு தகட்டைக் கழட்டி இன்னொண்ணை மாட்டணும். அவ்வளவுதானேப்பா?"

"அவ்வளவுதான்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"பத்து செகண்டு."

"எட்டு எங்க இருக்கு?"

"என் டிராயர்ல."

அவள் டப்பாவை என் கையில் கொடுத்துவிட்டு, வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். எனக்கும் வீறாப்பு வந்துவிட்டது. ஒன்பதே முக்காலுக்கு, ஆளில்லாத சபைக்குள் போய், ஸ்டூலைப் போட்டு ஏறினேன். ஏழைக் கழற்றினேன். எட்டு என் சட்டைப்பையில் இருந்தது. பலகையில் வெறும் ஒன்று தொங்கியது.

இங்கே ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும்; இதுவரை சாமர்த்தியமாகத் தள்ளிவந்தேன். என் பணி ஓய்வு அந்த மாதக் கடைசி. சபை ஊழியனுக்கு ஓய்வும் சபைத் தேதிப்படிதான். பதினேழு தொங்குகிறவரை நான் ஊழியன். குவார்ட்டர்ஸ் எனக்கு. ஊழியர் ஆஸ்பத்திரியில் மகளுக்கு இலவசக் கட்டில். பதினெட்டு வந்தால் பத்தொன்பது வரும், மாதக் கடைசி வரும், நான் மூட்டை கட்ட வேண்டும். உத்தரவுக்குப் பயந்துதான் இருக்கிறேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஸ்டூலின் மூன்றாம் படியில்தான் தெரிந்தது, பதினேழாம் தேதி எனக்குப் பிடித்திருக்கிறது என்று. பிரசவம் வரைக்கும் போகட்டும், அவளுக்காகத்தானே என்று மனசு சொன்னது. மனசைப்போல நல்ல வக்கீல் கிடையாது.

"என்ன பண்றீங்க?" செயலாளர் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"தூசி, ஐயா."

கைக்குட்டையை எடுத்து ஏழைத் துடைத்தேன். இரண்டு பக்கமும் துடைத்தேன். திரும்ப மாட்டினேன். செயலாளர் கண்கள் கலங்கிவிட்டன.

"இப்படிப்பட்ட ஊழியர்களாலதான்யா ஜனநாயகம் நிக்குது," என்றார்.

மறுநாளிலிருந்து அது சடங்காகிவிட்டது. தினமும் ஒன்பதே முக்காலுக்கு நான் ஏறித் தூசி தட்ட, உறுப்பினர்கள் எழுந்து ஒரு நிமிடம் மௌனமாக நின்றார்கள். எதற்கு மௌனம் என்று யாருக்கும் தெளிவில்லை. தேதிக்கு மரியாதை என்றார் தலைவர். எனக்கு வெள்ளைக் கையுறை கொடுத்தார்கள். பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள். அதில் தேதி பதினேழு.

நான் முதன்முதலாகத் தூசி துடைத்த அன்று சாயந்திரம் மகள் வாசலிலேயே நின்றிருந்தாள்.

"என்னாச்சுப்பா?"

"கதவு பூட்டியிருந்துச்சும்மா. காவல் போட்டுட்டாங்க. கிட்டயே விடல."

"ஐயோ, உங்களை ஏதும் சொன்னாங்களா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்கப்புறம் அவள் ஒருநாளும் கேட்கவில்லை. மாப்பிள்ளைக்கும் கடிதத்தில் எழுதிவிட்டாள், அப்பா முயற்சி பண்ணினார், கதவு பூட்டியிருந்தது என்று.

நூற்றிருபத்தோராவது பதினேழாம் தேதியில் பேரன் பிறந்தான். ஊழியர் ஆஸ்பத்திரியும் சபைத் தேதிதான். நர்ஸ் பேனாவைக் கடித்துக்கொண்டு யோசித்தாள்.

"மூணாம் மாசம் பதினேழு. அப்ப அம்மாவுக்கு அஞ்சாம் மாசம்னு உங்க கார்டுல இருக்கு. குறைப்பிரசவம்னு போட்டுடவா?"

"மூணரை கிலோ குழந்தையையா?" என்றாள் என் வீட்டுக்காரி.

"நல்லா தேறிட்டான்னு போட்டுக்கலாம். இன்னைக்கு மட்டும் இது அறுபத்தெட்டாவது பிரசவம்மா. எனக்கும் கை வலிக்குது."

பிறந்த அன்றே அவனுக்கு நான்கு மாதத் தடுப்பூசி பாக்கி என்று சீட்டு வந்தது. மகள் சிரிக்கவில்லை. அவன் அப்பா இல்லாத நாளைக் கணக்கெடுக்கக்கூட இவர்கள் விடமாட்டார்கள் என்றாள்.

இது எப்படி முடிந்தது? மக்கள் பொங்கி எழுந்தார்களா? சபை விழித்துக்கொண்டதா? அதெல்லாம் இல்லை. எட்டாம் மாதம் ஏழாம் தேதி அதிபருக்குப் பிறந்தநாள். வாழ்த்துத் தீர்மானம் அன்றைய தேதியிட்டால்தான் செல்லும். செயலாளர் ஓடி வந்தார்.

"தேதிக்காரரே, ஏறுங்க. நேரா ஏழுக்குப் போயிடுங்க."

"நடுவுல பதினெட்டு? அந்த ஓட்டெடுப்பு?"

"அறுபதாம் நாள்ல ஓட்டுன்னுதானே சட்டம் சொல்லுது? அந்த நாளே வரலையே. வராத நாள்ல எப்படி ஓட்டுப் போடறது?" என்று கையை விரித்தார். அவ்வளவு பெரிய சட்டம் அந்த இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டது.

ஏறினேன். ஒன்றைக் கழற்றினால் போதும். ஏழு ஏற்கெனவே தொங்கியது, தினமும் துடைத்ததில் கண்ணாடி மாதிரி. மாதத் தகட்டை மாற்றினேன். மாற்றிய கையோடு நான் ஓய்வு பெற்று நான்கு மாதம் ஆகிவிட்டது. "வெளியாளுங்க ஸ்டூல்ல ஏறக்கூடாது," என்று சொல்லிக் காவலாளி என்னைக் கைத்தாங்கலாக இறக்கிவிட்டான்.

அதிபர் ஏற்புரையில் உருகினார். "இன்றைக்குப் போதும் என்று என் மனத்துக்குப் பட்டது. படையைத் திருப்பி அழைக்கிறேன். தொடங்கும்போதும் உங்களைத் தொந்தரவு செய்யவில்லை, முடிக்கும்போதும் தொந்தரவு செய்யவில்லை. சபையை இதைவிட மதித்த அதிபர் உண்டா?" மேசைகள் உடையும்படி தட்டினார்கள். எதிர்க்கட்சித் தலைவர் நேற்றே எதிர்த்துவிட்டதாகச் சொல்லி அதிகமாகத் தட்டினார். சாயந்திரம் எனக்குப் போன் வந்தது: படை திரும்புவதை ஆதரிக்கிறீர்களா? இரண்டை அமுக்கினேன். தொண்ணூற்று நான்கு.

மாப்பிள்ளை வந்த அன்று குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டிருந்தோம். அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் சாமான் ஏற்ற ஒரு கை கொடுத்துக்கொண்டு நின்றார்கள். கை கால் எல்லாம் சரியாகத்தான் இருந்தது அவருக்கு. பக்கத்தில் குண்டு விழுந்ததில் காதுதான் முக்கால்வாசி போய்விட்டது. தன் குரலே சரியாகக் கேட்காததால் தெருவுக்கே கேட்கும்படி பேசினார். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, பீரோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நல்ல மனசோடு கத்தினார்.

"தினமும் காலைல வரிசையில நிக்க வெச்சு, இன்னைக்கு அம்பத்தொம்பதாம் நாள்னு சொல்லுவாங்க மாமா! நாங்க எல்லாரும் அந்தத் தேதி மாத்துற ஆளைத் திட்டுவோம்! தூங்கிட்டானா, செத்துட்டானான்னு! நானும் சேர்ந்து திட்டுவேன்! அது என் மாமனார்னு சொல்லல! வெக்கமா இருந்துச்சு!"

பீரோ தூக்கிக்கொண்டிருந்தவர்கள் அதைக் கீழே வைத்தார்கள்.

"அப்புறம் இவ கடுதாசி வந்துச்சு! கதவு பூட்டியிருந்துச்சுன்னு! அதைப் படிச்சுட்டுத்தான் சொன்னேன்! எங்க மாமா போயிருக்காரு, விடலைன்னு! பசங்க கை தட்டினாங்க மாமா! அதுல நாலு பேரு வரல!" கொஞ்சம் மூச்சு வாங்கினார். "ரொம்பப் பெரிய பூட்டா மாமா?"

"மாப்பிள்ளை, அந்தக் கதவு..." என்றேன் வாய்க்குள்ளேயே.

"என்ன? கேக்கல மாமா!"

"திறந்துதான் இருந்துச்சு."

"கேக்கல! சத்தமா!"

மகள் பாத்திரப் பெட்டியிலிருந்து நிமிர்ந்தாள். என் உதட்டைப் பார்த்தே அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் மாப்பிள்ளை உள்ளங்கையைக் காதுக்குப் பின்னால் குவித்துக்கொண்டு, சின்னச் சிரிப்போடு காத்துக்கொண்டிருந்தார். தலையாட்டி மழுப்பியிருக்கலாம். சைகையில் ஏதோ சொல்லியிருக்கலாம். முப்பத்தாறு வருடமாக ஒரு சத்தமும் இல்லாமல் வேலை பார்த்தவன் நான்.

"திறந்துதான் இருந்துச்சு மாப்பிள்ளை!" என்று கத்தினேன். "கதவும் திறந்திருந்துச்சு, தகடும் என் கையில இருந்துச்சு! நான்தான் மாத்தல!"

வரிசையில் இருந்த எல்லா வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

மாப்பிள்ளை காதிலிருந்து கையை எடுத்தார். பிள்ளையை மடியில் சரியாகப் படுக்கவைத்தார்.

"அப்படியா மாமா," என்றார். வந்ததிலிருந்து அவர் அவ்வளவு மெதுவாகப் பேசியது அதுதான் முதல் தடவை.